சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்களுக்கு: பிரதி முடிந்த நாள் முதல் விற்பனை மேசை வரை

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து அட்வான்ஸ் கொடுத்து, சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்கி, அதன் பிறகு, கணினியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிற டி.டி.பி. சென்டர் படியேறுகிறவர்களை நெல்லைப் பக்கம் அடிக்கடி பார்க்கலாம். அப்புறம் நடப்பதும் ஒரே மாதிரிதான். மெய்ப்பு, அதாவது பிழை திருத்தம், ஒரு சுற்றோடு நிற்கும். நூலுக்கு உரிய சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வந்து சேராது. விழா மேடைக்கு மட்டும் ஐம்பது பிரதி அவசரமாக டிஜிட்டலில் அடித்து வரும், அதில் எழுத்துப்பிழை பல்லிளிக்கும்.

வேலையின் வரிசையை மாற்றினால் இதில் பாதி தொல்லை வராது. எழுத்துப் பிரதி முடிந்தால் பக்க எண்ணிக்கை தெரியும். பக்க எண்ணிக்கை தெரிந்தால் புத்தக முதுகின் தடிமன், அச்சுச் செலவு, விலை, தபால் எடை எல்லாம் தெரியும். விழாத் தேதி அதற்குப் பிறகு. இங்கே அது பதினொன்றாம் பகுதியில்தான் வரும்.

1. கையில் இருக்க வேண்டியவை

முழுப் பிரதி ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, முன்னுரை வாட்ஸ்அப்பில், படங்கள் மருமகன் போனில் என்று சிதறிக் கிடந்தால் வடிவமைப்பவர் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்.

பிறர் எடுத்த புகைப்படம், பிறர் எழுதிய பாடல் வரி, நீண்ட மேற்கோள் இருந்தால் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்துக்கான காப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உங்கள் எழுத்துக்கு அந்த உரிமை எழுதியதுமே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஊர் வரலாறு, நாட்டார் பாடல் தொகுப்பு போடுகிறவர்கள் சொன்னவர் பெயரையும் ஊரையும் இப்போதே பட்டியலிடுங்கள். புத்தகம் வந்த பிறகு 'என் பாட்டு, என் பேரைக் காணோம்' என்று வருகிற மனத்தாங்கலுக்கு மருந்து கிடையாது.

புத்தக விற்பனைக்குத் தனி சிம் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. அட்டையில் அச்சாகிற எண்ணைப் பிறகு மாற்ற முடியாது.

2. பிரதியை மூடுங்கள்

வடிவமைப்புக்குக் கொடுத்த பிறகு ஒரு பத்தி சேர்த்தாலும் அதற்குப் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் நகரும். பொருளடக்கம் தவறும், படம் அடுத்த பக்கம் போகும். அதனால் ஒரு நாளைக் குறித்து, அன்றோடு எழுதுவதை நிறுத்துங்கள். அணிந்துரை வர வேண்டியிருந்தால் அதற்கு இரண்டோ நான்கோ பக்கம் ஒதுக்கி, எத்தனை சொல் வேண்டும் என்பதையும் எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள். அணிந்துரைக்காகக் காத்திருந்து ஆறு மாதம் போன புத்தகங்கள் உண்டு. கெடு தாண்டினால் அது இல்லாமலே போடலாம், வாசகர் ஒன்றும் குறைப்பட மாட்டார்.

3. எழுத்துரு: பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்

பழைய கணினியில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் தட்டியிருந்தால் முதலில் எல்லாக் கணினியும் படிக்கிற பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள் நொடியில் மாற்றித் தரும். ஆனால் மாற்றியதை அப்படியே நம்பக் கூடாது.

பழைய எழுத்துருக்களில் ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பலர் ஒன்றுக்கு மற்றதைத் தட்டியிருப்பார்கள். மாற்றியபின் 'அவர்' என்பது 'அவா்' என்றும், 'ஊரில்' என்பது 'ஊாில்' என்றும் நிற்கும். திரையில் கண்ணுக்குத் தெரியாது, அச்சில் எழுத்து உடைந்து தெரியும், மின்னூலில் தேடினால் கிடைக்காது. இதைச் சரிசெய்வது எளிது: 'ா்', 'ாி', 'ாீ' மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடி 'ர்', 'ரி', 'ரீ' என்று மொத்தமாக மாற்றுங்கள். தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளியோ கொக்கியோ வராது என்பதால் மொத்தமாக மாற்றினாலும் எதுவும் கெடாது.

'கௌரவம்', 'பௌர்ணமி' விஷயம் வேறு. இவை 'கெளரவம்', 'பெளர்ணமி' என்று ளகரத்தோடு நிற்கும். இங்கே மொத்தமாக மாற்றினால் 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அடுத்து, வடிவமைப்பவர் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் என்றால் அது யுனிகோடை ஏற்காது. அவர் உங்கள் கோப்பை மறுபடி பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார், புதுப் பிழை வரும், அதனால் பக்கம் கட்டிய பிறகும் முழு மெய்ப்பு பார்க்க வேண்டும். இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்வாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும்.

4. மெய்ப்பு

குறைந்தது மூன்று சுற்று. முதல் சுற்று வடிவமைப்புக்கு முன்: ஒற்று, ந-ன-ண, ர-ற, பெயர்ச்சொல், ஆண்டு. இரண்டாவது பக்கம் கட்டிய பிறகு, தாளில் அச்செடுத்து. மூன்றாவது சுற்றில் திருத்தங்கள் ஏறினவா என்று மட்டும் பார்ப்பது. ஒரு திருத்தம் போட்ட இடத்தில் அந்த வரியை மட்டும் பார்க்காமல் பத்தி முழுவதையும் படிக்க வேண்டும், ஏனென்றால் திருத்தும் கை பக்கத்துச் சொல்லைக் கெடுத்திருக்கும்.

மெய்ப்பு பார்ப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. எழுதியவர் கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனதில் இருப்பதைப் படிக்கும்.

கதையோ வட்டார வழக்கோ எழுதுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். 'அங்கன', 'ஏட்டி', 'பைய', 'வாரியளா', 'சவம்' போன்று நீங்கள் வேண்டுமென்றே எழுதிய சொற்களை ஒரு தாளில் எழுதி மெய்ப்பாளரிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நல்லெண்ணத்தோடு 'வருகிறீர்களா' என்று திருத்திவிடுவார், உங்கள் வீரவநல்லூர்க்காரி செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவாள். ஒரே சொல்லை ஓரிடத்தில் 'அங்கன' என்றும் இன்னோரிடத்தில் 'அங்ஙன' என்றும் நீங்களே எழுதியிருந்தால் எது வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

5. அளவு, தாள், பக்கம்

கதை, கட்டுரை, வரலாற்று நூலுக்கு டெமி 1/8 சரியான அளவு, சுமார் 5.5 × 8.5 அங்குலம். கவிதைக்குச் சிறிய கிரவுன் 1/8 பொருந்தும்.

டெமியில் 11 புள்ளி எழுத்து, 15 அல்லது 16 புள்ளி வரி இடைவெளி வைத்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 230 தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். 35,000 சொல் உள்ள பிரதி சுமார் 160 பக்கம் வரும்.

அச்சகத்தில் பக்கம் பாரக் கணக்கு. பாரம் என்பது அச்சாகி மடிகிற பெரிய தாள். ஒரு பாரம் 16 பக்கம், ஆகவே 160 பக்கம் பத்துப் பாரம். 163 பக்கம் வந்தால் அந்த மூன்று பக்கத்துக்காக அரைப் பாரமாவது கூடுதலாகப் போகும், மிச்சம் வெற்றுத் தாளாக நிற்கும். அத்தியாயக் கடைசியில் இரண்டு வரி மட்டும் தொங்குகிற பக்கங்களைத் தேடி முந்தைய பக்கத்துக்குள் இழுத்தால் பெரும்பாலும் 160-க்குள் வந்துவிடும்.

உள்ளே 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள். ஜி.எஸ்.எம். என்பது தாளின் கனம், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 70-இல் காசு மிச்சம், ஆனால் படம் இருக்கும் பக்கத்தில் பின்புறம் நிழல் தெரியும். வெள்ளையைவிட மங்கலான நேச்சுரல் ஷேட் கண்ணுக்கு இதம்.

6. ஐ.எஸ்.பி.என்.

இதைக் கொடுப்பது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது, பதிப்பகம் இல்லாத தனி ஆசிரியரும் வாங்கலாம். 'எண் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்பவரிடம் கொடுத்தால் எண் அவர் பதிப்பகப் பெயரில் பதிவாகியிருக்கவும் கூடும்.

எண் கைக்கு வர வாரக் கணக்கில் ஆகலாம். அதனால் தலைப்பு உறுதியானதும், மெய்ப்பு நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த தலைப்பும் அட்டையில் வருகிற தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண்.

7. உள்பக்க வடிவமைப்பு

முதுகை ஒட்டிய உள் ஓரம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முதுகில் பசை போட்டு ஒட்டுகிற பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் புத்தகம் முழுதாக விரியாது, ஓரம் குறைந்தால் வரியின் தொடக்கம் பள்ளத்துக்குள் போய்விடும்.

எழுத்து முழுக்கக் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். வேர்டு கோப்பிலிருந்து வருகிற கறுப்பு சில நேரம் நான்கு மைக் கலவையாக மாறிவிடும்.

படங்கள் 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும். நான்கு அங்குல அகலத்தில் ஒரு படம் போட 1,200 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருங்கியிருக்கும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். தாத்தா காலத்துப் போட்டோவைப் போனில் படம் பிடிக்காமல் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள்.

விவரப் பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், முதற்பதிப்பு மாதமும் ஆண்டும், உரிமை, பக்கம், விலை, ஐ.எஸ்.பி.என்., வெளியிட்டவர் பெயர், முகவரி, அச்சகத்தின் பெயர், ஊர் எல்லாம் வர வேண்டும். வெளியிட்டவர் பெயரும் அச்சகத்தின் பெயரும் தபாலுக்கும் உதவும், கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

8. அட்டை

முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே கோப்பாக இருக்கும். பக்க எண்ணிக்கை முடிவாகாமல் அட்டையை முடிக்க முடியாது என்பதற்குக் காரணம் முதுகு. 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். 160 பக்கம் என்றால் 80 தாள், முதுகு சுமார் 8 மி.மீ. இது உத்தேசம்தான். அதே தாளில் எழுத்தில்லாத மாதிரிப் புத்தகம் (டம்மி) ஒன்று கட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

முன்னட்டை ஒரு நிறம், முதுகு வேறு நிறம் என்று கறாராகக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். மடிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் நிறம் முன்பக்கம் வழிந்து தெரியும். ஒரே நிறத்தை மூன்றிலும் ஓட விடுவது பாதுகாப்பு. நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும்.

திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும், ஏனென்றால் அச்சுக்குப் போகிறது நான்கு மைகளைக் கலந்து வருகிற சி.எம்.ஒய்.கே. நிறம். வயல்பச்சை அட்டை கேட்கிற எல்லோரும் இங்கே ஏமாறுகிறார்கள். ஒரு தாள் கலர் புரூஃப் (சோதனை அச்சு) எடுத்துப் பாருங்கள்.

தலைப்பைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் போன் திரையில் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் எழுத்துரு மாற்றுங்கள். வளைந்து நெளிந்த அலங்கார எழுத்தில் 'ண', 'ன' வித்தியாசம் தெரியாமல் போகும்.

பின்னட்டையில் ஆறேழு வரி அறிமுகம், விலை, பார்கோடு. பார்கோடுக்குப் பின்னணியாக வெள்ளைப் பெட்டி கட்டாயம். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து அட்டையில் போட வேண்டாம்.

9. அச்சகமும் எஸ்டிமேட்டும்

200 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல். 500-க்கு மேல் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் (அச்சுத் தகடு) மெஷின் ஓட்டத் தயார் செய்வதற்கும் ஆகிற செலவு நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். நடுவில் இருப்பவர்கள் இரண்டுக்கும் எஸ்டிமேட் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

நெல்லையிலும் பாளையிலும் அச்சகங்கள் உண்டு. சாத்தூர் வழியாகப் போனால் சுமார் நூறு கிலோமீட்டரில் சிவகாசி. ஆனால் ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானால் அதன் பிறகு ஆண்டுக் கடைசி வரை அங்கே காலண்டர், டைரி வேலைதான் முன்னால் நிற்கும். ஐந்நூறு பிரதிப் புத்தகம் பின்வரிசைக்குப் போய்விடும். பங்குனி முதல் ஆனி வரை கொடுத்தால் கவனித்துச் செய்வார்கள்.

'புத்தகம் அடிக்க எவ்வளவு ஆகும்' என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மனதில் வைத்துச் சொல்வார்கள். எல்லோரிடமும் ஒரே குறிப்பைக் கொடுங்கள்:

'டெமி 1/8, 160 பக்கம். உள்ளே 80 ஜி.எஸ்.எம். நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ, ஒரு கலர். அட்டை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, ஒரு பக்கம் நான்கு கலர், மேட் லேமினேஷன். பெர்ஃபெக்ட் பைண்டிங். 300, 500, 1,000 பிரதிக்குத் தனித்தனி விலை. ஜி.எஸ்.டி., பார்சல் உட்பட, திருநெல்வேலி டெலிவரி.'

200 பக்கத்துக்கு மேல் போனால் தையல் பைண்டிங் கேளுங்கள். பசை மட்டும் போட்ட தடித்த புத்தகம் நம் ஊர் கத்திரி வெயிலில் ஜன்னலோரம் கிடந்தால் பசை இளகிப் பக்கம் கழன்று வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில், ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டை மறுபக்கம் ஈரம் குடித்துச் சுருளும், பார்சலும் நனையும்.

10. விலை

எளிய கணக்கு ஒன்று, தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். தட்டச்சு, வடிவமைப்பு, மெய்ப்பு, அச்சு எல்லாம் சேர்த்து 500 பிரதிக்கு ரூ. 60,000 ஆனால் பிரதிக்கு ரூ. 120 என்று கணக்குப் போடுவார்கள். தவறு. விருந்தினர், அணிந்துரை எழுதியவர், மதிப்புரை, சொந்தபந்தம் என்று 60 பிரதி இலவசமாகப் போகும். மிச்சம் 440. பிரதிக்கு ரூ. 136.

கடைக்காரர் 35 முதல் 40 சதவீதம் கழிவு (கமிஷன்) எடுப்பார். விலை ரூ. 200 வைத்தால் 40 சதவீதக் கழிவு போக கைக்கு வருவது ரூ. 120, ஒவ்வொரு பிரதிக்கும் ரூ. 16 நட்டம். ரூ. 240 வைத்தால் ரூ. 144 வரும். விலையை அட்டையில் அச்சிடுவதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள்.

11. தேதியும் விளம்பரப் பொருட்களும்

பிரதி அச்சுக்குப் போய், அச்சகம் டெலிவரி நாள் சொன்ன பிறகு, அதோடு இரண்டு வாரம் கூட்டித் தேதி வையுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் மண்டபமும் கிடைக்காது, கூட்டமும் வராது. ஆனித் தேரோட்டம் பக்கம் டவுனில் வைத்தால் ஆட்கள் ரத வீதி தாண்டி வர மாட்டார்கள். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா அறிவித்திருந்தால் அதற்கு முன் புத்தகம் கையில் இருக்கும்படி பாருங்கள்.

எல்லா விளம்பரப் பொருளும் ஒரே அட்டைக் கோப்பிலிருந்து பிறக்க வேண்டும். அழைப்பிதழில் ஒரு எழுத்துரு, பேனரில் வேறு நிறம், வாட்ஸ்அப்பில் மூன்றாவது வடிவம் என்றால் பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே புத்தகம் என்று பதியாது. அட்டை வடிவமைத்தவரிடமே இவற்றையும் சேர்த்துப் பேசி விலை முடியுங்கள்.

*புக்மார்க்:* 2 × 6 அங்குலம். அட்டைக்குப் பிளேட் போடும் முன் தாளில் ஓரம் மிஞ்சுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். மிஞ்சினால் அதிலேயே அடித்துவிடலாம், தனிச் செலவு அநேகமாக இராது. பிளேட் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

*அழைப்பிதழ்:* ஏ5 ஒற்றை அட்டை போதும். விருந்தினர் பெயரை, முன்னெழுத்தும் பட்டமும் எப்படி வர வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். 'முனைவர்' விடுபட்டு மேடையில் முகம் வாடுவதைப் பார்க்கிறோம். இடத்துக்குப் பக்கத்தில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று போடுங்கள்: 'பாளை வ.உ.சி. மைதானம் அருகே' என்றால் அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறவருக்கும் புரியும்.

*நோட்டீஸ்:* விழாவுக்கு அல்ல, விற்பனைக்கு. முன்னட்டைப் படம், மூன்று வரி, விலை, போன் எண், கியூ.ஆர். கோடு. கியூ.ஆர். 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக, சுற்றிலும் இடம் விட்டு. அச்சிட்ட புரூஃபை மூன்று வேறு போன்களில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகே மொத்தமாக அடியுங்கள். பணம் கட்டும் கோடு, வாட்ஸ்அப் கோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஆள் குழம்புவார், ஒன்று போதும்.

*ஸ்டாண்டி (நிற்கும் பேனர்):* 6 × 2.5 அடி, விற்பனை மேசை பக்கத்தில் நிற்க. கீழ் ஒன்றரை அடி மேசையும் ஆட்களும் மறைக்கும், முக்கியமான எழுத்து அங்கே வேண்டாம். பெரிய ஃபிளெக்ஸுக்கு உண்மை அளவில் 100 டி.பி.ஐ. போதும்.

*பேனர், போஸ்டர்:* பொது இடத்தில் பேனர் வைக்க முன் அனுமதி வேண்டும். சுவரில் ஒட்டுவதற்கு 1959-ஆம் ஆண்டு முதலே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. நூலகம், கல்லூரி தமிழ்த்துறை, டீக்கடை உள்சுவர் என்று கேட்டு ஒட்டுவதே அதிகம் பலன் தரும்.

*வாட்ஸ்அப் படம்:* ஸ்டேட்டஸுக்கு 1080 × 1920, குழுவுக்கு 1080 × 1080. அழைப்பிதழ் பி.டி.எஃப்.ஐ அப்படியே அனுப்பினால் யாரும் திறப்பதில்லை. இதற்குத் திரை நிறமான ஆர்.ஜி.பி.யில் தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள்.

12. புத்தகம் வந்த பிறகு

ஒவ்வொரு கட்டிலும் இரண்டு பிரதி எடுத்து முதல் பக்கம் முதல் கடைசி வரை புரட்டுங்கள். ஒரு பாரம் இரண்டு தடவை வந்து இன்னொன்று காணாமல் போவது, அட்டை தலைகீழாக ஒட்டுவது இரண்டும் நடக்கிறவை. உடனே சொன்னால் அச்சகம் மாற்றித் தரும், மாதம் கழித்துச் சொன்னால் தராது.

நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954-இன்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும், தபால் செலவு உங்களுடையது. தமிழக நூலகத் துறைக் கொள்முதல் இணையவழியில் நடக்கிறது. அறிவிப்பில் உள்ள நிபந்தனைகளைப் படித்து, கெடுவுக்குள் விண்ணப்பியுங்கள்.

தபாலில் அனுப்ப அஞ்சல் துறை 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவையை நடத்துகிறது. 300 கிராம் வரை ரூ. 20, வரி தனி. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். 160 பக்க டெமி புத்தகம் 80 ஜி.எஸ்.எம். தாளில் ஏறத்தாழ 210 கிராம், உறையோடு 300-க்குள் அடங்கும். 200 பக்கம் தாண்டினால் எல்லையைத் தொடும்.

மின்னூல் தனி வேலை. அமேசான் கிண்டில் தமிழை ஏற்கும், யுனிகோடு கோப்பு வேண்டும்.

கடைகளில் பிரதி வைக்கும்போது எண்ணிக்கை, கழிவு, கணக்கு முடிக்கும் நாள் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வடிவமைப்பாளரிடம் பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எழுத்துருக்கள், படங்கள், அட்டைக் கோப்பு எல்லாவற்றையும் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன்பே பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். வாசகர் சொல்லும் பிழைகளைப் பக்க எண்ணோடு ஒரே பிரதியில் குறித்து வைத்தால் இரண்டாம் பதிப்புக்கு அதுவே மெய்ப்புப் பிரதி.